அரண்மனைக்குள் புல் அறுக்க வந்தவள்

பத்து நாள் பயிற்சிக்குக் கொடுத்த சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. நான் மாட்டியிருந்தேன். 'ஓலைச்சுவடி வாசிக்கும் பயிற்சியைச் சிறப்பாக முடித்துள்ளார்' என்று அதில் எழுதியிருந்தது. அந்தப் பத்து நாளில் நான் வாசித்தது மொத்தமே ஓர் ஓலை. அதையும் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பதினோரு பேர் வரிசையாக வாசித்து முடித்திருந்தார்கள். (என் முறை வந்தபோது ஓலையைத் தலைகீழாகக் கொடுத்திருந்தாலும் வாசித்திருப்பேன்.)

அந்தச் சான்றிதழை நம்பி மதுரையில் ஓர் ஆய்வு நிறுவனம் எனக்கு வேலை கொடுத்தது. கோயில்களிலும் வீடுகளிலும் கிடக்கிற சமயச் சுவடிகளைத் தேடிப் போய்ப் படம் எடுக்க வேண்டும். பழைய சுவரோவியம் கண்ணில் பட்டால் தகவல் சொல்ல வேண்டும். வாசிப்பதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். ஆனால் இந்த விவரத்தை நான் வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்டுகிற என் அப்பா, "பய எந்த ஏட்டக் குடுத்தாலும் கடகடன்னு வாசிப்பான்" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவருக்கு அதைச் சொன்னது யார் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பரளச்சிக்குப் பக்கத்தில் ஓர் ஊர். பெயரைச் சொல்லப் போவதில்லை. என்னால் அவர்கள் பட்டது போதும். அங்கே மடைதிறந்த அம்மன் என்று ஒரு சாமி. கண்மாய் மடையை அடைத்து ஊரைக் காயப்போட்ட ராசா ஒருவனை, ஆடு மேய்க்கும் பெண்ணாக வந்து அம்மன் வெட்டிச் சாய்த்து மடையைத் திறந்துவிட்டாள் என்பது கதை. அந்தக் கதை ஓர் ஓலைக்கட்டில் இருந்தது. கருவறையின் வெளிச்சுவரிலும் ஓவியமாக இருந்தது. விதைப்புக்கு முன்னால் ஏட்டை வாசித்தால் மழை பெய்யும் என்பது அந்த மானாவாரி பூமியின் நம்பிக்கை. வாசித்துவந்த பெரியவர் மகனோடு கோயமுத்தூர் போய்விட்டதால் நாலைந்து வருடமாக ஏடு உத்திரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

சுவருக்கு வந்த ஆபத்து அதைவிடப் பெரியது. கோயிலைப் புதுப்பிக்கிறோம் என்று கமிட்டி, சுவர் முழுக்க டைல்ஸ் ஒட்ட முடிவு செய்திருந்தது. ரோஜாப்பூ போட்ட டைல்ஸ். பெட்டிகள் வந்து இறங்கிவிட்டன. கொத்தனார் புதன்கிழமை வருவதாக ஏற்பாடு. "ஏட்டைப் படம் எடுத்துட்டு வா. அதைவிட முக்கியம், அந்தச் சுவர்ல ஒரு டைல்ஸும் ஏறக்கூடாது. பேசிப் பாரு" என்று சொல்லித்தான் அலுவலகத்தில் என்னை அனுப்பினார்கள். ஆக, ஒரு கோயில் சுவரின் கதி என் வாயை நம்பி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தேன். கமிட்டித் தலைவர் சண்முகவேல் அண்ணாச்சி. பஸ் நிறுத்தத்தில் உரக்கடை வைத்திருப்பவர். ஏட்டை இறக்கி மண்டபத்தில் வைத்துவிட்டு, "இருங்க, டீ வாங்கிட்டு வாரேன்" என்று பைக்கில் போனார். அவர் திரும்புவதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டால் சுறுசுறுப்பானவன் என்று நினைப்பார், அந்த நினைப்போடே டைல்ஸ் பேச்சையும் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கயிற்றை அவிழ்த்தேன். மரச்சட்டத்தை எடுத்தேன். மென்மையான தூரிகையால் தூசு தட்டி, எலுமிச்சம்புல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டேன்.

அண்ணாச்சி டீயோடு வந்தார். என் கையில் கயிற்றைப் பார்த்தார்.

"கட்ட அவுத்துட்டீகளா?"

"ஆமாண்ணாச்சி. அஞ்சு நிமிசத்துல ஆரம்பிச்சிரலாம்."

"அவுத்த கைதான் வாசிக்கணும். முழுசா வாசிச்சு முடிக்காம மறுபடி கட்டக் கூடாது." சொல்லிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒங்கப்பா எனக்குப் பழக்கம்தான். நீங்க கடகடன்னு வாசிப்பீகளாமே?"

இந்த இடத்தில், 'எனக்கு வாசிக்கத் தெரியாது' என்ற மூன்று சொற்களைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது. நான் சொன்னது: "அதுக்கென்ன அண்ணாச்சி, வாசிச்சிட்டாப் போச்சு."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அம்மனாப் பாத்து அனுப்பிருக்கா" என்றார். அரை மணி நேரத்தில் வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் ஏறியது. மில்லுக்கு லீவு நாள் என்பதால் ஊரே இருந்தது. எல்லோரும் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு டைல்ஸ் பெட்டிகளை அடுக்கி, அதன்மேல் பட்டுத்துணி விரித்து ஏட்டை வைத்தார்கள். கருவறைச் சுவரைப் பார்த்தபடி என்னை உட்காரவைத்து, வாயருகே மைக்கைக் கொண்டுவந்தார்கள். என் மூச்சு பரளச்சி வரைக்கும் கேட்டிருக்கும்.

ஓலையில் எழுத்துக்குப் புள்ளி கிடையாது. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. எங்கிருந்து எங்கே மூச்சு விடுவது என்பது வாசிக்கிறவனின் படிப்பைப் பொறுத்தது. எழுத்து துலங்குவதற்காக விளக்குக்கரியைத் தடவினேன். பிறகு அதே கையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டேன். (இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஏடு வாசிக்கிறவர் முகத்தில் கரி பூசிக்கொள்வது பழைய முறை போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்களாம்.)

முதல் சில ஓலைகள் சிரமம் தரவில்லை. அவை அம்மன் மேல் துதி, ஊருக்கே மனப்பாடம். நான் முதல் இரண்டு எழுத்தை இழுத்தால் மீதியைக் கூட்டமே முடித்தது. எனக்குத் தைரியம் வந்தது. பத்தாவது ஓலையில் கதை ஆரம்பித்தது; கூட்டம் வாயை மூடிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டது. எழுத்துக்கூட்டி இரண்டு ஓலையைத் தாண்டினேன். பன்னிரண்டாவது ஓலையிலிருந்து ராமபாணப் பூச்சி தன் வேலையைக் காட்டியிருந்தது. ஓலையைத் தூக்கிப் பிடித்தால் ஓட்டை வழியாக எதிர்ச்சுவர் தெரிந்தது.

எதிர்ச்சுவரில் மூன்று ஓவியங்கள் இருந்தன.

எனக்குக் கிடைத்த வரம் என்றே நினைத்தேன். ஓலையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டு, கண்ணை மட்டும் உயர்த்திச் சுவரைப் பார்த்துக் கதை சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? எல்லோரும் புத்தகம் படிப்பதுபோல் இடது பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். முதல் படத்தில் ராசா மல்லாந்து படுத்திருந்தான். விளக்குமாடத்தின் புகை ஏறி அவன் கழுத்துப் பக்கம் ஒரே கரி. பக்கத்தில் கையில் அரிவாளோடு ஒரு பெண்.

"ராசாவானவர் மதிய உணவு உண்டு, பஞ்சணையில் பள்ளிகொண்டு, ஆழ்ந்து நித்திரை செய்கின்ற வேளையிலே, அரிவாளேந்தி ஒருத்தி அருகில் வந்து நிற்க..." என்று நீட்டினேன். தூக்கம் எனக்குப் பிடித்த விஷயம் என்பதால் வர்ணனை நன்றாகவே வந்தது. குறட்டையைக்கூட விட்டுவைக்கவில்லை.

முன்வரிசையில் பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தார். அருப்புக்கோட்டை மில்லுக்கு வேன் ஏறிப் போய்வருகிற பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி. கையைத் தூக்கினார்.

"தம்பி, அவன் ஒறங்கவா செய்றான்?"

"ஆமாக்கா. ஏட்டுல அப்படித்தான் இருக்கு."

"அப்பறம் அவ கையில அருவா எதுக்கு?"

அரை விநாடி யோசித்தேன். "புல் அறுக்க."

"அரமனைக்குள்ள புல்லா?"

"ஏத்தா பேச்சி, ஏட்டுல இருக்கிறதத்தான அவுக வாசிக்காக. சும்மா இரு" என்று அண்ணாச்சி அதட்டினார். பேச்சியம்மாள் சும்மா இருந்தார். ஆனால் முகம் சும்மா இல்லை.

அடுத்த படம்: ராசா குதிரைமேல் ஆட்களோடு போகிறான். ஆகவே தூங்கியவரை எழுப்பி, முகம் கழுவவைத்து, குதிரையில் ஏற்றினேன். மூன்றாவது படம்: ராசா சிம்மாசனத்தில், எதிரே அதே பெண் கைகூப்பி நிற்கிறாள். ஆகவே அவரைக் குதிரையிலிருந்து இறக்கிச் சிம்மாசனத்தில் அமர்த்தினேன். புல் அறுக்க வந்தவள் அவரை வணங்கி விடைபெற்றாள். அதற்குமேல் படம் இல்லை. நல்லவேளையாகக் கடைசி ஓலையைப் பூச்சி தொடவில்லை. அதில் 'வாழி வாழி' என்று பெரிதாக இருந்தது. தெரிந்த சொல்லைப் பார்த்த சந்தோஷத்தில் ஓங்கிப் பாடி, ஏட்டை மூடிக் கயிற்றைச் சுற்றினேன்.

மைக்கில் என் மூச்சு மட்டும் கேட்டது. ஊரைக் காயப்போட்ட ராசா உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் சிம்மாசனத்தில் இருந்தான். மடை அடைத்தது அடைத்தபடி இருந்தது. நான் அவனை வாழ்த்தியும் முடித்துவிட்டேன்.

அன்று மாலை நாலு மணிக்கு மேகம் கறுத்தது. எல்லோரும் வாசலில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்கள். மேகம் ஊருக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெதுவாக வடக்கே நகர்ந்தது. இருட்டுவதற்குள் அண்ணாச்சிக்குக் காரியாபட்டியிலிருந்து அவர் மச்சினன் போன் செய்தார். "மாமா, இங்க வெளுத்து வாங்குது. அங்க எப்படி?"

மறுநாள் காலையில் மண்டபத்தில் கூட்டம். பேச்சியம்மாள் அன்று மில்லுக்குப் போகவில்லை.

"சாக வேண்டியவன எந்திரிக்க வச்சு, மொகம் கழுவி, குருதையில ஏத்தி விட்டா மழை எப்படிப் பெய்யும்? அதான் காரியாபட்டில போய் விழுந்துட்டு" என்றார்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. அந்த வயதில் உண்மையைவிட மீசை முக்கியம். "ஏட்டில் மட்டும் இல்லை, சுவரிலும் அப்படித்தான் இருக்கிறது. ராசா தூங்குகிறார். வேண்டுமானால் போய்ப் பாருங்கள்" என்று சாதித்தேன். ஊர் எழுந்து சுவருக்கு முன்னால் போய் நின்றது. பாதிப்பேர் செத்துக் கிடக்கிறான் என்றார்கள். பாதிப்பேர், என் சான்றிதழை மதித்து, தூங்குகிறான் என்றார்கள். கரிக்குள் எதுவும் தெரியவில்லை.

"கரியத் தொடைச்சா தெரிஞ்சிட்டுப் போகுது" என்றார் பேச்சியம்மாள்.

அண்ணாச்சி கொத்தனாருக்குப் போன் போட்டார். "புதன்கிழமை வராதப்பா. ராசா உசுரோட இருக்கானா இல்லையான்னு பாக்கணும்." கொத்தனார் என்ன நினைத்தாரோ தெரியாது.

எங்கள் அலுவலகத்தில் சுவரோவியம் சுத்தம் செய்கிறவர் மேரி அக்கா. நான் போன் செய்ததும், செவ்வாய்க்கிழமை காலையில் பஸ்ஸில் வந்து இறங்கினார். காய்ச்சி வடித்த தண்ணீரில் பஞ்சை நனைத்து, பிழிந்து, விரலகலம் விரலகலமாகக் கரியை ஒற்றி எடுத்தார். தேய்க்கவே கூடாது, ஒற்றி, பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதுப் பஞ்சு எடுக்க வேண்டும். இரண்டு நாள் ஆயிற்று. விதைப்புக்குக் காத்திருந்த ஊருக்கு வேறு வேலை இல்லை. முறை வைத்து வந்து உட்கார்ந்து பார்த்தது. மடிப்பு வைத்த சேலையும் மணிமாலையும் முதலில் வெளியே வந்தன. அந்தச் சிவப்பும் மஞ்சளும் நேற்றுப் பூசியதுபோல் இருந்தன. நான் செய்த கூத்தை மறந்து எனக்கே கண் கலங்கியது.

புதன்கிழமை பிற்பகல், கழுத்தை எட்டினார். கழுத்து இல்லை. தலை உடம்பை விட்டு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. நான் பஞ்சணை என்று வர்ணித்தது ரத்தம்.

ஒருவர்கூடச் சுவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மேரி அக்கா பஞ்சைக் கீழே வைத்தார். "ஏன் தம்பி, கோயிலை வலமாச் சுத்தும்போது சாமி எந்தக் கைப்பக்கம் இருக்கும்?"

"வலது கைப்பக்கம்."

"அப்ப இந்தச் சுவரைப் பாத்து நின்னா எந்தப் பக்கமா நடப்ப?"

நடந்து பார்த்தேன். வலமிருந்து இடமாக நடந்தேன். சிம்மாசனத்தின் முன்னால் அவள் கெஞ்சுகிறாள், அவன் கேட்காமல் மடையை அடைக்கக் குதிரை ஏறுகிறான், அவள் வெட்டுகிறாள். திரும்பினால், அடுத்த சுவரில், திறந்த மடையில் தண்ணீர். சுற்றி வருகிற ஒவ்வொரு பக்தருக்கும் ஓவியன் தெளிவாகத்தான் சொல்லி வைத்திருக்கிறான். சான்றிதழ் இல்லாதவர்களுக்கு எல்லாம் புரிந்திருக்கிறது.

"எனக்கு ஏடு வாசிக்கத் தெரியாது" என்றேன். மூன்று நாள் தாமதமாக.

"அது எனக்கு ஞாயித்துக்கெழமையே தெரியும்" என்றார் பேச்சியம்மாள்.

மறுநாள் மறுபடியும் மைக் கட்டினார்கள். அவிழ்த்த கை நான்தான் என்பதால், ராசாவை நான்தான் கொல்ல வேண்டும் என்றார்கள். பேச்சியம்மாள் நினைவிலிருந்து வரிவரியாகச் சொல்ல, நான் மைக்கில் திருப்பிச் சொன்னேன். வெட்டு விழுந்ததும் குலவைச் சத்தம் காதை அடைத்தது. மழை அன்றும் வரவில்லை. பத்து நாள் கழித்து வந்தது. அதில் எனக்குப் பங்கு உண்டென்று அவர்கள் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை.

கிளம்பும்போது, வந்த காரியம் ஞாபகம் வந்து, டைல்ஸ் பேச்சை எடுத்தேன். அதற்காகத் தயாரித்து வைத்திருந்த நாலு பக்க உரை சட்டைப்பையில் இருந்தது. அண்ணாச்சி அதை வெளியே எடுக்கவே விடவில்லை.

"டைல்ஸா? ஏடும் படமும் கண்ணுக்கு முன்னால இருக்கையிலயே இப்படி வாசிக்கீக. படத்தையும் மூடிட்டா, நாளைக்கு ஒங்கள மாதிரி ஒருத்தர் வந்து அந்த ராசாவுக்குக் கல்யாணம் பண்ணி வச்சிருவாக. சொவரு கெடக்கட்டும் தம்பி."

ரோஜாப்பூ டைல்ஸ் மடப்பள்ளிக்குப் போனது. சுவர் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அலுவலகத்தில் என் பேச்சுத் திறமையைப் பாராட்டினார்கள். மேரி அக்கா காட்டிக் கொடுக்கவில்லை. அந்தப் படத்துக்கு முன்னால், சுவரில் ஆணி அடிக்காமல் தனி ஸ்டாண்டில் (அது மட்டும் என் யோசனை), ஊர்க்காரர்கள் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். 'இவர் தூங்கவில்லை' என்று எனாமல் பெயிண்டில் எழுதியிருக்கிறது.

அதன்பிறகு நான் உட்கார்ந்து ஏடு வாசிக்கக் கற்றுக்கொண்டேன். எட்டு மாதம் ஆயிற்று. சான்றிதழைக் கழற்றிவிட்டேன். ஆனால் மனைவியைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை அந்தக் கோயிலுக்குப் போனதுதான் பிழையாகப் போயிற்று. பேச்சியம்மாள் அவளை அந்தப் பலகைக்கு முன்னால் உட்காரவைத்து முழுக்கதையையும் சொல்லிவிட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் மல்லாந்து கிடக்கும்போது யாராவது வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டால், அவள் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்கிறாள்:

"கழுத்தப் பாத்துட்டேன். ஒறங்கத்தான் செய்றாக."