இல்லாத மலைக்குச் சொந்தக்காரர்

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் தேடினாலும் ஆபிரிக்காக் கண்டத்தை முழுதாக அறிந்தவர் ஒருவர்தான் இருந்தார். அங்கே உள்ளதெல்லாம் அவருக்குத் தெரியும் என்று சொன்னால் அவரைக் குறைத்துச் சொன்னதாகிவிடும். அங்கே இல்லாததும் அவருக்குத் தெரியும்.

அலுவலகத்தில் அவரை 'ஆபிரிக்கா' என்றே கூப்பிட்டோம். காணிப் படம் வரைவது அவர் தொழில். எதிர் மேசையில் கோப்புத் தேடுவது என் தொழில். நான் தேடியவற்றில் பாதி இன்னும் கிடைக்கவில்லை.

ஒருமுறை கிரானிலிருந்து ஒரு வயற்காரப் போடியார் எருமைத் தயிர்ச் சட்டியோடு வந்தார். வயலின் எல்லைக்கோட்டை ஒரு விரற்கடை தள்ளி வரைந்தால் போதுமாம். ஆபிரிக்கா தயிரைத் தொடவில்லை. அளக்காத வரம்பைக் கீற அவருக்குக் கை வராது. (தயிர் வீணாகாமல் பார்த்துக்கொண்டவன் நான்.)

அப்படிப்பட்ட மனிதர் வீட்டில் சேர்த்துவைத்திருந்ததெல்லாம் பிழையான படங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர் அடித்த ஆபிரிக்கப் படங்கள். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு பறங்கிக் குடும்பம் விட்டுப்போன பெட்டிக்குள் முதலாவது கிடைத்ததாம். அந்தக் காலத்துப் படங்களில் ஆபிரிக்காவின் மேற்குப் பக்கம் முழுக்க 'கொங் மலைகள்' என்று ஒரு தொடர் ஓடும். உண்மையில் அங்கே மலையே கிடையாது. யாரோ ஒருவன் கேள்விப்பட்டதைக் கீறினான். மற்றவர்கள் பார்த்துக் கீறினார்கள். கடைசியில் ஒருவன் நேரில் போய்ப் பார்த்து, இல்லையென்று சொன்னான். அழித்துவிட்டார்கள்.

இந்தப் பொய்யில் என்ன கிடக்கிறது என்று கேட்டேன்.

"நான் கோடு பிழைச்சா கிரானில ஒருத்தன்ட வயல் போயிரும் தம்பி. இவன் பிழைச்சதால ஆருக்கென்ன நட்டம்? உலகத்தில ஒரு மலை கூடிப்போச்சு."

வாவிக் காற்றின் ஈரமும் கறையானும் படாமல் இருக்க, படங்களைப் பொலித்தீனில் சுற்றி மெத்தைக்கடியில் வைத்திருந்தார். அவர் மனைவி ரோசி அக்கா சொல்லுவார்: "கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து நான் ஆபிரிக்காவிலதான் படுக்கிறன். விடிஞ்சாத்தான் மட்டக்களப்புக்கு வாறன்."

சேகரிப்பின் தலைமகன் நாலு தாளில் அடித்த ஒரு பெரிய படம். மூன்று தாள்தான் அவரிடம் இருந்தது. வடகிழக்குத் தாளின் இடது ஓரத்தில் அந்த மலையின் வால் மட்டும் வந்து நிற்கும். தலையும் உடலும் கிடைக்காத வடமேற்குத் தாளில். அதைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்த ஒரே ஆசை. வெளிநாடு போகிற எல்லோரிடமும் சொல்லிவிடுவார். டோஹாவுக்குப் போன ஒருவர் ஆபிரிக்காப் படம் அச்சடித்த துவாய் கொண்டுவந்து கொடுத்தார். அதை வெகுகாலம் தலை துடைக்கப் பாவித்தார், மலை இல்லையே என்ற குறையோடு.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் படத்தை விரித்து எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். வாய் நன்னம்பிக்கை முனை என்றது. விரல் எகிப்தில் நின்றது. நான் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே ரோசி அக்கா கழுவிக்கொண்டிருந்த பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

கண்ணுக்குள் அழுத்தமாம். போன பார்வை திரும்பாது, இருப்பதும் மெல்ல மெல்லப் போகும் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம்.

அந்த நேரம்தான் அவருடைய சினேகிதர், காத்தான்குடிப் பிடவைக்கடை ஹாஜியார், தன் மகளின் பிரசவத்துக்கு லண்டன் புறப்பட்டார். தாளின் அளவையும் அச்சகத்தின் பெயரையும் மட்டும் ஆபிரிக்கா அவருக்கு மனப்பாடமாக்கிவிட்டார். "கெதியா வாங்க ஹாஜியார். எனக்கு வெளிச்சம் கொஞ்சம்தான் இருக்கு."

பேரப்பிள்ளையைப் பார்த்தவருக்குக் கெதியாக வர மனம் வரவில்லை. அவர் திரும்பியபோது ஆபிரிக்காவுக்குப் பகலும் இரவும் மட்டும்தான் பிரிந்து தெரிந்தன.

ஹாஜியாரும் நானும் ஓட்டோவில் போனோம். தாளை மடியில் பிள்ளைபோல வைத்திருந்தார். "கடையில ரெண்டு இருந்திச்சு தம்பி. பழையதுல உலகத்திலயே இல்லாத ஒரு மலை கிடக்காம், கடைக்காரனே சொன்னான். பழுதான சாமானை நான் சினேகிதனுக்கு வாங்குவனா? அதே அச்சகம் பிறகு திருத்தி அடிச்சதைத்தான் கேட்டு வாங்கினன்."

எனக்கு வாழ்க்கையில் முதல்தடவையாகப் பகிடி வரவில்லை. வாய் திறப்பதற்குள் வீடும் வந்துவிட்டது.

ரோசி அக்கா மேசையில் மூன்று தாளையும் விரித்தார். நாலாவதைச் சேர்த்து வைத்தோம். வாவிப் பாலத்தின் நடுவில் ரோட்டு முடிந்துபோனதுபோல, மலையின் வால் பொருத்து வரைக்கும் வந்து அப்படியே நின்றது. அதற்கப்பால் சுத்தமான வெள்ளை.

"பழுதே இல்ல சேர்," என்று ஹாஜியார் தொடங்கினார். நான் அவர் காலை மிதித்தேன்.

"ஹாஜியார், மலை இருக்கா?"

ஹாஜியார் பிடவையில் ஒரு நூல் விலகியிருந்தாலும் தானே காட்டிக்கொடுத்து விற்கிறவர். என்னைப் பார்த்தார். ரோசி அக்காவைப் பார்த்தார். அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்திருந்தார்.

"இருக்கு சேர்," என்றார். "பெரிய மலை."

ஆபிரிக்கா விரலை என்னிடம் நீட்டினார். "வாலில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போ."

பொருத்தைத் தாண்டி அந்த வெறும் தாளில் அவர் விரலைப் பிடித்து மேற்கே நடத்தினேன். ஏற்றினேன், இறக்கினேன். பள்ளிக்கூடத்தில் சித்திரப் பாடத்தில் தேறாத கை இது.

"கொஞ்சம் தெற்கால வா. கடலுக்குக் கிட்டவெல்லோ அது."

வந்தேன்.

"மெல்லப் போ மனே. ஏத்தம்."

மெல்லப் போனேன். தாளின் மேற்குக் கரைவரைக்கும் போனோம். அங்கே சற்று நேரம் விரலை எடுக்காமல் நின்றார்.

"கண்டுட்டன்," என்றார்.

அவர் போய் இரண்டு மாரி கழிந்துவிட்டது. ரோசி அக்கா நாலு தாளையும் சேர்த்துச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். பார்க்க வருகிற படித்த மனிதர்கள், இந்த இடத்தில் மலை இல்லையே, தாள் மாறிப்போச்சே என்கிறார்கள். இருக்கட்டும். நானும் அவரும் அந்த மலையில் நடந்திருக்கிறோம்.