பதினோராம் மாடியில் ஒரு காட்டு வாத்து

காட்டு வாத்தைச் சுட்டவர் அதை இன்னொருவருக்குக் கொடுப்பதானால், தன் பெயரும் அனுமதி இலக்கமும் எழுதிய அட்டையைக் கட்டிக் கொடுக்கவேண்டும்; ஒரு சிறகை இறகோடு விட்டுவைக்கவேண்டும்; விற்கவே கூடாது. இது கனடாச் சட்டம். அந்த வாத்தைச் சகலன் கறிவைத்து, அதை என் மனைவி புகழ்ந்தால் நான் என்ன செய்யவேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. (தேடிப் பார்த்தேன்.)

தொண்ணூறுகளில் ஓர் இலையுதிர்காலம். மனைவியின் தங்கையைக் கட்டிய பாலா விட்பி என்ற புறநகரில் புது வீடு வாங்கியிருந்தான். பின்வளவு, புல்வெட்டும் மெஷின், வேட்டைக்குப் போகும் மேலாளர் என்று எல்லாமே அவனுக்குத்தான் வாய்த்தன. மேலாளர் கொடுத்த வாத்தைப் பின்வளவில் வாட்டிக் கறியாக்கினான். என் மனைவி கமலம் இரண்டாம் தரமும் சோறு போட்டுக்கொண்டு, "பாலாவின்ரை கைக்கு ஒரு தனி ருசி," என்றாள். என் சமையலுக்கு அவள் தந்த அதியுயர் விருது "உப்புக் காணும், இனிப் போடவேண்டாம்" என்பதுதான். பார்க்டேலில் எங்கள் பதினோராம் மாடி வீட்டுக்கு வந்துசேருமுன்பே, எனக்கும் ஒரு வாத்து வேண்டும் என்று தீர்மானித்துவிட்டேன்.

அடுத்த மாதம் என் வேலையிடத்துத் தச்சர் எனக்கும் ஒரு வாத்துத் தந்தார். அட்டை இருந்தது, சிறகு இருந்தது. உடனே பாலா குடும்பத்தை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்தேன். வீட்டுக்கு வந்ததும் சிறகை வெட்டலாம். ஆனால் யாராவது வந்து விசாரித்தால்? விட்டுவைத்தேன்.

இறகு பிடுங்கி, மஞ்சள் பூசி, நெருப்பில் வாட்டினால்தான் எங்கள் ஆட்களுக்குக் கறி மணக்கும். எங்களுடையதோ மின்னடுப்பு, சுவாலை கிடையாது. பல்கனியில் நெருப்பு மூட்டுவது கட்டட விதிக்கு விரோதம். நான் விதி மீறாதவன். ஆகவே குளியல் தொட்டிக்குள் பழைய தமிழ்ப் பத்திரிகைகளைக் கொளுத்தினேன். சிறகில் தீ பிடித்தது.

"இஞ்சேருங்கோ, புகையுது!"

"வாசல் கதவைத் திறந்துவிடும், போயிடும்."

போனது. நேரே வெளி நடைக்குப் போய், கூரையிலிருந்த புகையுணர் கருவியை உசுப்பி, முழுக் கட்டடத்தையும் அலறவைத்தது.

தீ மணி அடித்தால் உடைமைகளை எடுக்கக்கூடாது. (வாத்து உடைமை அல்ல, மானம்.) தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, வாத்தைத் துவாய்த் துணியில் சுற்றி மார்போடு அணைத்தபடி பதினொரு மாடியும் இறங்கினேன். குளிரில் நின்ற ஒரு கிழவி தன் சால்வையைக் கழற்றி அதற்குப் போர்த்தினாள். தீயணைப்பு வீரர், "குழந்தை மூச்சுவிடுகிறதா?" என்று பதறித் துணியை விலக்க, பாதி கருகிய சிறகு அவர் முகத்துக்கு நேரே விரிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பாலா காரில் வந்து இறங்கினான்.

"என்னண்ணை, எங்களுக்குச் சொல்லாமல் பிள்ளை பெத்திட்டியளோ?"

பிறகு அவசரமாக அவித்த இறைச்சி காற்சப்பாத்துத் தோல்போல இருந்தது. எல்லோரும் தாடை நோகச் சப்பினார்கள். "குழம்பு திறம் அண்ணை. வாத்துத்தான் கொஞ்சம் வயசாளி," என்றான் பாலா. அவனுடைய பெருந்தன்மை மிளகாயைவிட எரித்தது. கமலத்தை நேரே கேட்டேன்.

"ஒளிக்காமல் சொல்லும். ஆற்றை கறி திறம்? என்ரையோ, பாலாவின்ரையோ?"

"பொறுங்கோ. வாய்க்குள்ளை இருக்கிறதை முழுங்கிப்போட்டுச் சொல்லுறன்."

சொல்லவில்லை. இன்றும் எங்கள் வீட்டில் யாராவது பதில் சொல்லச் சுணங்கினால், பேரப்பிள்ளைகள்கூட, "வாத்தை முழுங்கியாச்சோ?" என்கிறார்கள். கந்தோரில் கோப்புகளோடு வேலை பார்த்தவனுக்கு நினைவூட்டல் அனுப்பத் தெரியாதா? வருடாவருடம் கேட்டேன். கடைசியில் ஒருநாள் கேக் வெட்டி, முதல் துண்டை எனக்கு ஊட்டிவிட்டு, பாலாவின் முன்னாலேயே சொன்னாள்: "முழுங்கியிட்டன். பாலாவின்ரைதான்."

மறுமொழி கிடைத்த திகதி: எங்கள் நாற்பதாவது திருமண நாள்.