பஞ்சி பிடித்த வினைச்சொல்

குசினிக்குள்ளிருந்து "யிடர் இக்கே" என்று ஒரு பெண் குரல் கேட்டது. பிறகு சிரிப்பு. லண்டன் செவன் கிங்ஸ் வீட்டு ஹோலில், மகள் விதுஷாவின் கலியாணத்துக்கு ஐந்நூறு பேர், பல்லக்கு, வெள்ளைக் குதிரை என்று ஒஸ்லோ சம்பந்திகளுக்கு விளக்கிக்கொண்டிருந்த தேவராசாவுக்கு முகம் கறுத்தது.

குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தது இரண்டே பேர். விதுஷாவுக்கு இங்கிலிசும் அரைத் தமிழும்தான் வரும். ஆகவே சொன்னது மாப்பிள்ளையின் தங்கை பிரசாந்தினி. தமிழர் வீட்டில் இருந்துகொண்டு, வீட்டுக்காரருக்கு விளங்காத பாஷையில் நக்கலா?

அவர்கள் போனதும், ஒஸ்லோவிலிருக்கும் நண்பர் யாக்கோப்புக்குப் போன் எடுத்து, அந்த நொர்வேஜியன் சொல்லுக்கு அர்த்தம் கேட்டார்.

"ஏலாது எண்டில்லை அண்ணை. ஏலும், ஆனா மினக்கெட மனமில்லை. எங்கட பஞ்சி மாதிரி."

பஞ்சியா? தரகர் தந்த முப்பது சாதகங்கள் கொண்ட கட்டின் மேலே கிடந்ததை எடுத்து, பொருத்தம் பார்த்து, தேவராசா தன் கையாலேயே தேடிப் பிடித்த மாப்பிள்ளையல்லவா கௌசிக்!

அகராதி வாங்கினார். நிகழ்காலம் 'யிடர்', இறந்தகாலம் 'கட்'. காலம் மாறினால் முதலெழுத்தையே மாற்றிக்கொள்கிற சொல்லை எப்படி நம்புவது? பூர்வீகம் பழைய நோர்ஸ் மொழி. பெறுதல், இயலுதல் என்று பொருள். இங்கிலிசின் 'கெட்'டுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். இவ்வளவு நல்ல குடும்பத்தில் பிறந்தது இப்படிச் சோம்பேறியாய்ப் போனதே என்று அதற்கும் சேர்த்துக் கொதித்தார். பேசாமல் விடச் சொன்ன மனைவி சுலோச்சனாவுக்கும் ஏச்சு விழுந்தது.

சம்பந்திகளின் பஞ்சியைப் போக்க, அடுத்த சந்திப்பில் எழுநூறு பேர், இரண்டு குதிரை என்றார். குசினிக்குள் அதே சொல், இரண்டு தரம். ஆயிரம் பேர், ஹெலிகொப்ரரில் இருந்து பூ என்றார். மூன்று தரம் கேட்டது.

தேவராசா எழும்பினார். அந்த வினைச்சொல்லை ஒரு காலமும் விடாமல் ஒப்புவித்தார். அதன் பூர்வீகத்தையும் சொன்னார்.

"என்ர பிள்ளையின்ர கலியாணத்துக்கு மினக்கெட உங்கட பெட்டைக்குப் பஞ்சியெண்டால், இந்தச் சம்பந்தம் எனக்கு வேண்டாம். நீங்கள் வேறை இடம் பாருங்கோ."

கௌசிக் வெளிறிப்போனான். விதுஷா தேத்தண்ணித் தட்டத்தோடு குசினி வாசலில் அப்படியே நின்றாள். அவளுக்குப் பின்னாலிருந்து பிரசாந்தினி எட்டிப் பார்த்தாள்.

"மாமா, அதைச் சொன்னது நானில்லை, விதுஷா அண்ணி. மூண்டு வருசமா எங்களோட நொர்வேஜியனிலதான் கதைக்கிறவ. உங்கட சாதகக் கட்டில அண்ணாவின்ர சாதகத்தை மேல வைச்சதும் அவதான்."