அன்னத்துக்குத் தொப்புள்

நானாக எதையும் முடித்த வரலாறு எனக்குக் கிடையாது. பள்ளிக்கூட ரெக்கார்டு நோட்டைக்கூட அக்காதான் முடித்துத் தந்தாள். அப்படிப்பட்டவன் இன்று மாதம் தவறாமல் ஒரு வேலையை முடிக்கிறேன் என்றால், காரணம் முகம் தெரியாத நாற்பத்தோரு புண்ணியவான்கள்.

பகலில் அக்காவின் தறிக்குக் கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போடுவேன். மீதி நேரத்தில் வயது வந்தவர்களுக்கான காதல் கேம் ஒன்று செய்துகொண்டிருந்தேன் (வீட்டில் தெரியாது, தெரிந்தால் சோறு கிடைக்காது). முதல் அத்தியாயத்துக்கு இரண்டு வருடம் ஆனது. பிறகு இணையத்தில் மாதச் சந்தா வைத்தேன். நாற்பத்தோரு பேர் சேர்ந்தார்கள். காசு கொடுத்தவர்கள் காத்திருக்கிறார்களே என்ற பயத்திலேயே மாதம் ஒரு அத்தியாயம் வர ஆரம்பித்தது. பணத்தைவிட, 'அடுத்து என்ன?' என்று யாரோ கேட்பதில் அப்படி ஒரு போதை.

எனக்குத் தெரிந்த ஒரே மென்பொருள் புடவை டிசைனுக்கானது. கேம் படங்களையும் அதிலேயே கட்டம் கட்டமாக வரைந்தேன். வினை அங்கேதான் இருந்தது.

அந்த மாதம் நாயகனும் நாயகியும் ஒன்றுசேர்வார்கள் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அத்தியாயம் வெளியாகும் அதே நாளில் ஒரு கல்யாணப் புடவையின் முந்தானைக்கு ஜோடி அன்னம் தர வேண்டும். அவசரத்தில் அன்னங்கள் கேமுக்குள் போய்விட்டன. காதலர்கள் பென் டிரைவில் ஏறி அக்காவின் தறியில் டிசைனை நெய்யும் ஜக்கார்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

மறுநாள் தறியிலிருந்து அக்காவின் போன்.

"டேய், உன் அன்னத்துக்குத் தொப்புள் இருக்குதுடா!"

ஓடினேன். காலிலிருந்து இடுப்புவரை, சுத்தமான ஜரிகையில், என் நாயகி. பக்கத்தில் தாமல் கிராமத்திலிருந்து தன் புடவையைப் பார்க்க வந்திருந்த கல்யாணப் பெண். கல்யாணத்துக்குப் பத்தே நாள். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

கல்யாணப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு, "அண்ணா, மேல இன்னா ஆவுது?" என்றாள். அக்கா எங்கள் இருவரையும் முறைத்தாள்.

"இத்தப் பாக்கறதுக்கு ஆளுங்க இருக்காங்களாடா?"

"நாப்பத்தோரு பேரு, அக்கா. மாசா மாசம் காத்துக்கினு இருக்காங்க."

அக்கா அந்த ஜரிகையைத் தடவிப் பார்த்தாள். "இருவது வருசமா நெய்யறேன். அடுத்து இன்னா நெய்யப் போறேன்னு ஒருத்தி கேட்டதில்ல. குடுத்து வெச்சவன்டா நீ." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதைக் கேட்டு அழுகையே வந்துவிட்டது.

ஜரிகை அறுந்துவிடாமல் இழை இழையாகப் பிரிக்க இருவருக்கும் இரண்டு நாள் ஆனது. அங்கே சந்தாதாரர்கள் கட்டில் காட்சியில் இரண்டு அன்னங்களைப் பார்த்துத் திகைத்துப் போயிருந்தார்கள். நடந்ததை அப்படியே எழுதி, இந்த மாதம் அத்தியாயம் இல்லை என்றேன். எல்லோரும் ஓடிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். 'முதலில் கல்யாணப் புடவையை முடியுங்கள். நாங்கள் எங்கே போகப் போகிறோம்?' என்று ஒருவர் எழுதினார். ஒருவர்கூட விலகவில்லை (மூன்று பேர் அன்னங்கள் அப்படியே இருக்கட்டும் என்றார்கள்). அவர்களை நினைத்தால் இப்போதும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

புடவை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதம் சந்தாதாரர்கள் நாற்பத்து மூன்று பேர். ஒருவர் தாமல் புதுப்பெண். இன்னொருவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். மாதக் கடைசி நெருங்கினால் தறியில் உட்கார்ந்தபடியே, தெருவுக்கே கேட்கும்படி அவர் குரல் கொடுப்பார்:

"டேய், அன்னத்துக்குத் தொப்புள் வெச்சிட்டியா?"