பல்லுயிர் காத்த படலம்

உலகில் காடுகள் எதற்காக உண்டாயின என்று அறிஞர்கள் நெடுங்காலமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ‘இயற்கை நண்பர்கள் குழு’ அந்தக் குழப்பத்தை ஒரே கூட்டத்தில் தீர்த்துவைத்தது. காடு என்பது மேடை போடுவதற்குப் போதுமான இடம். மரங்கள் நிழலுக்கு. ஏரி பின்னணிக்கு. பறவைகள், நேரம் மிச்சமிருந்தால், வாழ்த்துரைக்கு. இந்த மகத்தான உண்மையைக் கண்டறிந்த குழுவுக்கு நான்தான் செயலாளர் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். பிழைப்புக்கு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஊரில் பாதிப் பேர் உலகத்தைப் பார்ப்பது என் தயவில்.

எங்கள் தலைவர் ஒரு பல் டாக்டர். ‘பல்லுயிர் காப்போம்’ என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தபோது, பல்லுக்கும் உயிருக்கும் இவரைவிடப் பொருத்தமானவர் கிடையாது என்று ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தோம். அவரும் அந்தச் சொல்லை அப்படித்தான் பிரித்துப் புரிந்துகொண்டிருந்தார். பதவியேற்பு உரையில் முதலையைப் பற்றி மட்டும் பேசினார். உருக்கமாகத்தான் பேசினார். எங்கள் ஊர் ஏரியைச் சுற்றியுள்ள சரணாலயத்தில் முதலை இல்லை என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரிடம் சொத்தைப் பல் காட்டாதவர்கள் குழுவில் குறைவு.

கூட்டங்கள் அவருடைய மருத்துவமனையில், நோயாளிகள் போன பிறகு நடக்கும். பேசுகிறவர் அந்தச் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு பேச வேண்டும் என்பது மரபு. மற்ற நாற்காலிகள் பத்தாது என்பதால் வந்த மரபு. தலைக்கு மேல் விளக்கு எரியும். பழக்கதோஷத்தில் சிலர் வாயை அகலத் திறந்துவிட்டுப் பேச வந்ததை மறந்துவிடுவார்கள். அதனால் எங்கள் கூட்டங்கள் மிகச் சீக்கிரம் முடிந்தன.

‘வனவுயிர் தினம்’ கொண்டாடுவது என்று முடிவானதும் முதல் பிரச்சினை எழுந்தது. வனவுயிர் வருமா?

“பொதுமக்கள் அவ்வளவு தூரம் வர்றாங்க. ஒண்ணுமே இல்லேன்னா நம்ம மானம் என்ன ஆகும்?” என்றார் டாக்டர்.

குழுவில் என் மனைவியும் உறுப்பினர். சரணாலயத்துக்கு உள்ளே போயிருக்கிற ஒரே உறுப்பினர் என்றும் சொல்லலாம். தினமும் காலையில் ஏரிப் பக்கம் நடந்துவிட்டு வருவாள். அந்தப் பலவீனத்தை நாங்கள் பெரிதுபடுத்துவதில்லை.

“என்னென்ன வரும்னு எதிர்பார்க்கலாம்?” என்று அவளிடம் கேட்டேன்.

“நீங்க யாரும் வராம இருந்தா எல்லாமே வரும்” என்றாள்.

இது ஆக்கபூர்வமான யோசனை அல்ல என்று குழு கருதியது.

அடுத்ததாக மேடை. ஏரிக்கரையில் நல்ல இடமாகப் பார்த்து வைத்திருந்தோம். நடுவில் நாணல் அடர்ந்து வளர்ந்து ஏரியை மறைத்தது. அதை வெட்டிவிட்டால் மேடைக்குப் பின்னால் தண்ணீர் தெரியும், புகைப்படத்தில் இயற்கை நன்றாக விழும். அந்தப் பணிக்குத் ‘தூய்மை இயக்கம்’ என்று பெயர் சூட்டினோம். நாணலை வெட்ட யாரும் நாணவில்லை.

“அங்க ஒரு தாழைக்கோழி கூடு வச்சிருக்கு” என்றாள் என் மனைவி. “கறுப்பா இருக்கும், நெத்தியில மட்டும் சிவப்பா இருக்குமே, அது. அடைகாத்துக்கிட்டு இருக்கு.”

டாக்டர் கனிவோடு சிரித்தார். “அதனால என்னம்மா. எடுத்துரலாம். வலிக்காது.”

அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார். என் மனைவி பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாமல் இருந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியாது. அவர் கொடுத்துவைத்தவர்.

விழா நாளும் வந்தது. தொண்டர்கள் எல்லோருக்கும் பச்சைச் சட்டை கொடுத்திருந்தோம், இயற்கையின் நிறம் என்பதால். பத்தடி உள்ளே போனதும் யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவரையொருவர் கூவி அழைத்துக்கொண்டே வேலை செய்தோம். ஒலிபெருக்கிப் பொறுப்பு என் மைத்துனனிடம் இருந்தது. அவன் வாடகைக்கு மைக் செட் விடுகிறவன். சரணாலயத்தின் வனக்காவலரை ‘அமைதித் தூதர்’ ஆக நியமித்து ஒரு விசிலும் கொடுத்திருந்தோம். யார் சத்தம் போட்டாலும் அவர் ஊத வேண்டும். நீண்ட காலமாக வேலையில் இருந்தும் இப்படி ஒரு அதிகாரம் தனக்குக் கிடைத்ததில்லை என்று கண்கலங்கினார். அதற்கப்புறம் அவர் விசிலை வாயிலிருந்து எடுக்கவே இல்லை.

“பொதுமக்கள் கவனத்துக்கு. இப்போது ‘அமைதி நடை’ ஆரம்பமாகிறது. எல்லோரும் அமைதி காக்கவும். காத்துக்கொண்டே இருக்கவும்” என்று மைத்துனன் ஏரிக்கு அந்தக் கரை வரைக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தான். கொக்குகள் மொத்தமாக எழும்பிப் பறந்தன. விழாவைக் கொக்குகள் துவக்கிவைத்ததாகக் குறித்துக்கொண்டோம்.

அப்போதுதான் தூய்மை இயக்கத்துக்குப் போன தொண்டர்கள் அரிவாளோடு திரும்பி வந்தார்கள்.

“சார், நாணலுக்கு முன்னாடி அக்கா உக்காந்திருக்காங்க. நகர மாட்டேங்கிறாங்க.”

போய்ப் பார்த்தேன். என் மனைவி ஒரு மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். விடிவதற்கு முன்பே வந்திருக்க வேண்டும். மழைக்கோட்டின் விளிம்பெல்லாம் பனியில் நனைந்திருந்தது.

“செயலாளர்ங்கிற முறையில கேக்கிறேன். கொஞ்சம் எழுந்திரு” என்றேன்.

“புருஷன்ங்கிற முறையில என்ன சொல்றீங்க?”

யோசித்தேன். “இன்னும் கொஞ்சம் நிழலா உக்காரலாமே.”

“சரி, போங்க” என்றாள். ஆனால் குரலில் கோபம் கொஞ்சம் குறைந்திருந்தது.

வேறு வழியின்றி மேடையைச் சற்றுத் தள்ளிப் போட்டோம். இதற்கிடையில் பொதுமக்கள் வந்து குவிந்துவிட்டார்கள். கொக்கு போய்விட்டது, குரங்கு வரவில்லை. பச்சைச் சட்டைகளைத் தவிரக் காட்டில் பார்க்க ஒன்றும் இல்லை. அசையாமல் ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த என் மனைவியைச் சுற்றிக் கூட்டம் கூடியது.

“அம்மா, இது கடிக்குமா?” என்று ஒரு குழந்தை கேட்டது.

“தெரியலை, கிட்டப் போகாத.”

அந்த நேரத்தில் என் மைத்துனன் காட்டிய சமயோசிதத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது. “பொதுமக்கள் கவனத்துக்கு. நாணல் அருகே அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு யாரும் உணவு கொடுக்க வேண்டாம்” என்று அறிவித்தான். வரிசை ஒழுங்காக நகர ஆரம்பித்தது.

அவள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது எனக்கு உறைத்தது. இரண்டு துண்டு ரொட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அமைதித் தூதர் பாய்ந்து வந்து என் முகத்துக்கு நேரே ஊதினார்.

“சார், உணவு கொடுக்கக் கூடாது.”

“அது என் மனைவிய்யா.”

“எல்லாரும் அப்படித்தான் சார் சொல்வாங்க.”

ரொட்டியைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, வளைந்து வளைந்து போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது.

“ஜோடி வந்துருச்சு.”

“இது ஆண் போல.”

“ஆண்தான் அழகா இருக்கும்னு சொல்வாங்களே.”

“இந்த இனத்துல அப்படி இல்ல போல.”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ரொட்டியைத் தின்றாள். அப்புறம் முகம் மாறியது. என் கையைப் பிடித்தாள்.

“நேத்து சாயங்காலமே குஞ்சு பொரிச்சிருச்சுங்க. எல்லாம் உள்ளதான் இருக்கு. மைக் சத்தத்துல தாய் பயந்து அந்தக் கரைக்குப் போயிருச்சு. குஞ்சுங்க கத்துது. உங்களுக்குக் கேக்குதா?”

காது கொடுத்துக் கேட்டேன். மேடையில் டாக்டர் பேசத் தொடங்கியிருந்தார். “பல் இன்றி அமையாது உயிர்” என்பது மட்டும்தான் கேட்டது. அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில், நாணலுக்குள்ளிருந்து, கண்ணாடியைத் துணியால் அழுத்தித் துடைத்தால் வருமே, அந்த மாதிரி ஒரு சின்னச் சத்தம் வந்தது. ஒன்றல்ல, நாலைந்து.

“குளிர்ல விட்டா தாங்காது” என்றாள். “தாய் வரணும். அந்த மைக்கை நிறுத்தச் சொல்லுங்களேன்.”

பதினைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் என்னிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. எழுந்து மைத்துனனிடம் போனேன்.

“மைக்கை நிறுத்துடா.”

“டாக்டர் பேசிட்டிருக்காரு மாமா.”

“அதனாலதான் சொல்றேன்.”

“தலைவர் பேச்சை நடுவுல நிறுத்துனா அடுத்த வருஷம் எனக்கு ஆர்டர் கிடைக்காது மாமா.”

அவன் கஷ்டம் எனக்குப் புரிந்தது. ஆகவே அவனைச் சங்கடப்படுத்தாமல், குனிந்து, செருப்பைச் சரிசெய்கிற பாவனையில் வயரை நானே பிடுங்கிவிட்டேன். குழுவின் வரலாற்றில் செயலாளர் ஒருவர் செய்த முதல் செயல் அது.

டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை. கையை ஆட்டி, கண்ணை உருட்டி, பல்லைக் காட்டிப் பேசிக்கொண்டே இருந்தார். ஒரு சொல்லும் மேடையைத் தாண்டி வரவில்லை. காலையிலிருந்து முதல் தடவையாகக் காட்டில் அமைதி நிலவியது. அமைதித் தூதர் விசிலை வாயில் வைத்தபடி, யாரைப் பார்த்து ஊதுவது என்று தெரியாமல் நின்றார்.

நான் திரும்பி வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தக் கரையிலிருந்து ஒரு கறுப்புப் புள்ளி கிளம்பியது. தலையை ஆட்டி ஆட்டி நீந்தி வந்தது. நெற்றியில் சிவப்பு. நடு ஏரியில் ஒரு தடவை நின்றது. என் மனைவி மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை. பின்னால் அத்தனை கூட்டமும், அரிவாள் வைத்திருந்தவர்கள் உட்பட, அப்படியே நின்றது. கோழி நாணலுக்குள் நுழைந்தது. கீச்சுச் சத்தம் அடங்கியது. சற்று நேரம் கழித்து அது வெளியே வந்தபோது, பின்னால் நனைந்த கரிப்பஞ்சு மாதிரிக் குஞ்சுகள், ஒன்றன்பின் ஒன்றாக, தண்ணீரில் இறங்கின.

என் மனைவி அழுதுகொண்டிருந்தாள். எனக்கும் கண்ணாடியில் ஏதோ படிந்துவிட்டது.

பிறகு யாரோ கைதட்டினார்கள். உடனே எல்லோரும் தட்டினார்கள். அமைதித் தூதர் ஆனந்தம் தாங்காமல் நீளமாக ஊதினார். கோழி குஞ்சுகளைத் திரட்டிக்கொண்டு தூரத்துப் புதர்களுக்குள் மறைந்தது. மேடையில் டாக்டர் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். கிட்டப் போனபோது அவர் சொன்னது கேட்டது: “இவ்வளவு நேரம் அமைதியா இருந்து என் பேச்சைக் கேட்டதுக்கு நன்றி.”

விழா மாபெரும் வெற்றி என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். டாக்டர் உணர்ச்சிவசப்பட்டிருந்தார். அந்தத் தாழைக்கோழி தன் பேச்சைக் கேட்கத்தான் குடும்பத்தோடு வந்தது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

“கூடு இருந்த இடத்துல ஒரு பலகை வைக்கணும். சாதாரணப் பலகை இல்ல. கான்கிரீட் போட்டு, காலத்துக்கும் நிக்கணும்.”

“அங்கதான் நாணல் இருக்கே” என்றார் ஒருவர்.

“எடுத்துரலாம்.”

நான் எழுந்தேன். மறுப்புத் தெரிவிப்பதற்காக, மரபுப்படி சாய்வு நாற்காலியில் படுத்தேன். விளக்கு எரிந்தது. “டாக்டர், அந்த நாணலை மட்டும்...” என்று வாயைத் திறந்தேன்.

“அப்படியே இருங்க” என்றார் டாக்டர். “கடைவாய்ல சொத்தை இருக்கே. இத்தனை நாளா காட்டவே இல்லையே நீங்க.”

ஊசி போட்டார். பாதி முகம் மரத்துப்போனது. “யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?” என்று கேட்டார். எனக்கு இருந்தது. “ழ்ழ்ழ்” என்றேன். செயலாளர் வழிமொழிந்ததாகப் பதிவானது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. என் பல்லும் எடுக்கப்பட்டது.

வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்டாள்: “என்ன முடிவாச்சு?”

வாயில் பஞ்சு இருந்ததால் தப்பித்தேன்.

பலகையைத் திறந்துவைத்தது மிக எளிய நிகழ்ச்சி. ஒரே ஒரு வாத்தியக்குழு. நாணல் இருந்த இடம் சிமென்ட் தரையாகப் பளபளத்தது. பலகையில் டாக்டர் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். இடம் போதாததால் கோழியின் படம் சேர்க்க முடியவில்லை. கீழே பெரிய எழுத்தில்: ‘இங்கே தாழைக்கோழி வாழ்கிறது. அமைதி காக்கவும்.’

என் மனைவி அதை நின்று படித்தாள்.

“இதுல ஒரு பிழை இருக்கு” என்றாள்.

டாக்டர் பதறிவிட்டார். “எங்கம்மா?”

“‘வாழ்கிறது’ன்னு போட்டிருக்கீங்க.”

இலக்கணத்தை ஆராய்வதற்காக அங்கேயே ஒரு துணைக்குழு அமைத்தோம். எங்கள் குழுவின் பொறுப்புணர்ச்சிக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. துணைக்குழு இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது.

என் மனைவி இப்போதும் தினமும் காலையில் போகிறாள். அந்தக் கரைப் பக்கம் போகிறாள் என்று நினைக்கிறேன். திரும்பி வரும்போது செருப்பில் சேறும் முகத்தில் சிரிப்புமாக வருகிறாள். ஒருநாள் கேட்டே விட்டேன்.

“அந்தக் கோழி இருக்கா?”

“இருக்கு.”

“குஞ்சுங்க?”

“பெருசாயிருச்சு.”

“எங்க இருக்குன்னு எனக்கு மட்டும் சொல்லேன்.”

செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“வேண்டாங்க” என்றாள். “சொன்னா விழா எடுத்துருவீங்க.”