பெண் பார்க்கப் போய்க் குஞ்சு பார்த்த சத்து மாமா

கோழிக்குஞ்சின் காலைப் பார்த்து மனிதர்களை எடைபோட்டவர் உலகத்திலேயே எங்கள் சத்து மாமா ஒருவர்தான்.

கடலூர் முதுநகரில் கோழித்தீவனக் கடை வைத்திருந்தார். தீவனம், வைட்டமின் சொட்டு, தாது உப்புத் தூள் எதுவானாலும் முதலில் தாமே சாப்பிட்டுப் பார்ப்பார். "நம்ம வாய்க்கு ஆவாதத அது வாயில ஊத்தலாமா?" என்பார். மீன் எண்ணெயை ருசி பார்த்த நாளில் தெருப் பூனைகள் எல்லாம் அவர் பின்னால் ஊர்வலமாகப் போகும்.

சின்னக் குஞ்சுக்கு முட்டைக்கோழித் தீவனம் கேட்ட ஒருவரைக் கடையை விட்டே துரத்தினார். "அதுல சுண்ணாம்புச் சத்து ஜாஸ்தி. பச்சப்புள்ளைக்குப் பிரசவ லேகியம் குடுப்பியா நீ?"

எனக்கு நாற்பது நெருங்கியபோது சிதம்பரத்தில் பெண் பார்க்கப் போனோம். முன்பு போன இடங்களில் நான் வாயே திறக்காததால், மாப்பிள்ளை ஊமையோ என்று தட்டிக் கழித்துவிட்டார்கள். இதுவும் போனால் இனிப் பெண் தேட மாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். எனக்குப் பதிலாகப் பேசத்தான் சத்து மாமாவைக் கூட்டிப் போனோம்.

காபி வந்தது. மாமாவைக் காணவில்லை. கொல்லையிலிருந்து மூன்று குஞ்சுகளோடு வந்து, வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் விட்டார். கால்விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டு, நிற்க முடியாமல் மூன்றும் சரிந்து உட்கார்ந்தன.

"என்னா போடுறீங்க இதுங்களுக்கு?"

"நொய்யிதான்," என்றார் பெண்ணின் அப்பா.

"வெறும் நொய்யா? வைட்டமின் பி டூ சத்தே இல்ல, அதான் வெரலு சுருண்டுக்குது. மூணும் எழுந்து நிக்கட்டும், அப்புறம் சம்பந்தம் பேசலாம்."

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். பெண்ணே வெளியில் வந்துவிட்டாள். பெயர் செல்வி.

"குஞ்சுக்குக் கால் வளைஞ்சா என் கல்யாணம் ஏங்க தள்ளிப்போவணும்? தள்ளி வெக்க நீங்க யாரு?"

"தீவனக் கடைக்காரன்," என்றார் மாமா. "மருந்த இவன் தெனம் கொண்டாந்து குடுப்பான்."

பாட்டிலாகக் கொடுத்தால் மொத்தத்தையும் ஒரே நாளில் ஊற்றிவிடுவார்களாம். அதனால் ஒவ்வொரு நாளும் அன்றைக்கான மஞ்சள் சொட்டை மட்டும் சின்னச் சீசாவில் ஊற்றித் தருவார். நான் அதை எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறுவேன்.

செல்வி குஞ்சைப் பிடித்துக்கொள்வாள். நான் அலகில் சொட்டு விட வேண்டும்.

"கை நடுங்குதுங்க உங்களுக்கு."

"குஞ்சுதான் நடுங்குது."

"அது சும்மாதான இருக்கு."

ஒரு பெண்ணிடம் நான் அதுவரை பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. மழை, பஸ் கூட்டம், அவள் தைக்கும் ரவிக்கைகள். இரண்டு குஞ்சுகள் எழுந்தன. மூன்றாவது மட்டும் சாய்ந்து சாய்ந்து விழுந்தது. அதைப் பார்த்து எனக்கு வருத்தமே வரவில்லை.

ஒருநாள் அதுவும் நிமிர்ந்து ஓடியது. இனி வருவதற்குக் காரணம் இல்லையே என்று சீசாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் நிக்கலன்னே மாமாகிட்ட சொல்லுங்க," என்றாள் செல்வி.

அப்படியே வந்து சொன்னேன். மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. வழக்கம்போல் காலைத்தான் பார்த்தார். அவசரத்தில் செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருந்தேன்.

"அப்படியா," என்று உள்ளே போய்ச் சீசாவை நிரப்பி வந்தார். "பஸ்ஸுக்கு நேரமாவுது, போ மாப்ள."

பஸ்ஸில் உட்கார்ந்துதான் கவனித்தேன். சீசாவில் மஞ்சளே இல்லை. வெறும் தண்ணீர். அதைச் சிதம்பரம் வரைக்கும் ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுபோனேன்.