தேவநாதன் போட்ட பிரேக்

தன் காரின் ஸ்டியரிங்கைப் பெண்டாட்டி தொடக்கூடாது என்று தேவநாதன் முடிவு செய்திருந்தார். அது சாதாரண முடிவு இல்லை. வரலாற்றுக் காரணங்கள் உண்டு. கல்யாணமான புதிதில் சம்பளம் இளமதியின் கைக்குப் போனது. பிறகு டிவி ரிமோட் போனது. போன கோடையில், ஃபேனை எவ்வளவு வேகத்தில் ஓடவிடுவது என்கிற அதிகாரமும் பறிபோனது. கடலூர் புதுப்பாளையத்தில் அந்த மனிதருக்கென்று மிச்சமிருந்த ஒரே ராஜ்ஜியம், வாசலில் நின்ற பழைய வெள்ளைக் காரின் டிரைவர் சீட்தான். அதையும் விட்டுக்கொடுத்துவிட்டு எங்கே போய் உட்காருவது?

இளமதியோ எம்.காம். படிக்கிறாள். ஞாயிறுதோறும் சிதம்பரம் அண்ணாமலை நகரில் வகுப்பு. கூட்டமான பஸ்ஸில் நின்றுகொண்டே போய், பி.முட்லூரில் சீட் கிடைத்து உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் சிதம்பரம் வந்துவிடும். அதனால்தான் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கினாள். ஆனால் காரைக் கேட்டால் தேவநாதனிடம் எப்போதும் ஒரே பதில்தான்.

“பிரேக் பேடு தேஞ்சி போச்சி மதி. நானா இருக்கவே சமாளிச்சி ஓட்டறேன்.”

அது சுத்தப் பொய். அவர் பேடைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் இளமதி ஒரு அட்டைப்பெட்டியை அவர் மடியில் வைத்தாள்.

“மாமா, இந்தாங்க. பிரேக் பேடு. ஆன்லைன்ல வாங்கிட்டேன்.”

“அடடா, நம்ம மெக்கானிக்கு ஊர்ல இல்லியே!”

“மெக்கானிக்கு எதுக்கு? வீடியோ பாத்துட்டு, இதெல்லாம் வூட்லயே மாத்தலாம்னு நீங்கதான சொல்லுவீங்க. நாளைக்கு காலைல மாத்திடுங்க.”

தேவநாதன் மனதுக்குள் திட்டம் போட்டார். காலையில் சக்கரத்தைக் கழற்றுவது. மத்தியானம் வரை உருட்டிக்கொண்டே இருப்பது. அவள் பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவாள். அப்புறம் ஒரு போல்ட்டைக் காணோம் என்று சொல்லி மாசக்கணக்கில் ஓட்டலாம்.

“செஞ்சிட்டாப் போச்சி,” என்றார் பெரிய மனசு பண்ணி.

ஞாயிறு விடிந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பின்சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக்கொடுத்தார். ஜாக்கியைப் பார்த்தார். ஜாக்கி அவரைப் பார்த்தது. இப்படியே பார்த்துக்கொண்டிருந்தால் மத்தியானம் ஆகிவிடும் என்று நிம்மதியாக இருந்தார். அப்போதுதான் பக்கத்து வீட்டுக் கலியமூர்த்தி காம்பவுண்டு சுவர்மேல் டீ கிளாஸை வைத்தார்.

“என்னா சார், பிரேக் பேடா? உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேல?”

“ஏன், எனக்கென்ன?”

“இல்ல, வீடியோல அவன் ஒரு மணி நேரத்துல முடிச்சிடறான். நீங்க ராத்திரிக்குள்ள முடிச்சாலே ஜாஸ்தி.”

தேவநாதனுக்கு உச்சந்தலை வரை ஏறியது. திட்டம் என்ன, எதற்காக உருட்ட வந்தோம், எல்லாம் மறந்தது.

“யாருகிட்ட பேசற கலியமூர்த்தி? கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிக்கிறேன் பாரு!”

மடமடவென்று நட்டைத் தளர்த்தினார். ஜாக்கியை ஏற்றினார். சக்கரம் கையோடு வந்தது. உள்ளே போல்ட்டுக்கு ஸ்பேனர் எட்டவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினால்தான் எட்டும். சாவி போட்டால்தான் ஸ்டியரிங் திரும்பும்.

“மதி! இந்தா சாவி. உள்ள உக்காந்து வலது பக்கம் ஒடி!”

ராஜ்ஜியத்தின் சாவியைத் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்தது அவருக்கு உறைக்கவில்லை. இளமதி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். சீட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டாள்.

பழைய பேடு வெளியே வந்தது. தேவநாதனுக்குப் பகீரென்றது. பேடு நிஜமாகவே தேய்ந்து தகடாகியிருந்தது. இத்தனை நாள் இதை வைத்துக்கொண்டா தேவனாம்பட்டினம் பீச்சுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனோம்! தான் சொன்ன பொய் உண்மையாகிவிட்டதில் அவருக்கு முதுகு வேர்த்தது. அதன்பிறகு விளையாட்டு இல்லை. பேடைத் தள்ளும் பிஸ்டனைப் பக்குவமாக உள்ளே அழுத்தி, புதுப் பேடை உட்காரவைத்து, இந்தப் பக்கம் முடித்து, அந்தப் பக்கமும் முடித்தார். ஒவ்வொரு நட்டையும் திரும்பத் திரும்ப முறுக்கினார்.

“மதி, பிரேக்க மிதிச்சி மிதிச்சி விடு. இறுகுதா?”

“கல்லு மாரி நிக்கிது மாமா.”

கலியமூர்த்தி உதட்டைப் பிதுக்கினார். “என்னமோ சார். இத நம்பி யாரு ஓட்டறது?”

“யாரா? கார் கத்துக்கிட்ட சின்னப்புள்ளகூட ஓட்டலாம்! இமயமலைல ஏறி இறங்கலாம்! நான் கேரண்டி!” என்று தெருவே கேட்கக் கத்தினார் தேவநாதன். எதிர்வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கூட எழுந்து வந்து பார்த்தார்.

தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். தொட்டால் நின்றது. பெருமையாக நடுத்தெருவிலேயே நிறுத்தி இறங்கினார். கையெல்லாம் கிரீஸ்.

“மொதல்ல போயி சோப்பு போடுங்க மாமா,” என்றாள் இளமதி.

முழங்கை வரை நுரையோடு அவர் திரும்பி வந்தபோது, இளமதி புடவை மாற்றி ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கலியமூர்த்தியின் மனைவி பொன்னி, மடியில் டிபன் கேரியர். அவளும் அதே வகுப்புதான்.

“எங்க கிளம்பிட்ட?”

“வண்டி எப்புடி இருக்குன்னு பாத்துட்டு வந்துடறோம்.”

“எதுவரைக்கும்?”

“சிதம்பரம் வரைக்கும்.”

“அய்யய்யோ! பிரேக்கு இப்பதான...”

“ஏன் மாமா, சரியா மாட்டலியா?”

எதிர்வீட்டுக்காரர் பேப்பரை இறக்கினார். தேவநாதன் கை நுரையை லுங்கியில் துடைத்தார். வேண்டாம் என்றால் வேலை கோளாறு. வேலை சரி என்றால் ராஜ்ஜியம் காலி.

“மாட்டியாச்சி... பாத்துப் போ,” என்றார்.

கார் குலுங்காமல் கிளம்பியது. முனையில் மாடு குறுக்கே வர, டக்கென்று நின்று, ஒதுங்கித் திரும்பியது. அவ்வளவு அழகாக அவர்கூட ஓட்டியதில்லை. அந்தத் துக்கத்திலும் அவருக்குப் பேடை நினைத்து ஒரு சந்தோஷம் வந்தது.

கலியமூர்த்தி கேட்டைத் திறந்து தன் காரை மெதுவாக வெளியே தள்ளினார். கையில் அதேபோல ஒரு அட்டைப்பெட்டி.

“நம்ம வண்டியும் கீச்சு கீச்சுங்குது சார். உங்க வூட்டம்மாதான் சொன்னாங்க, ‘உசுப்பி மட்டும் வுடுங்கண்ணே, ஒன்பது மணிக்கு மேல அவுரு சும்மாதான் இருப்பாரு’ன்னு.”